தேசிங்கு அடுக்கிய அட்டவணை

"நான் வச்ச இடத்துல எதுவுமே நிக்க மாட்டேங்குது" என்றார் தேசிங்கு.

ஜெஸிந்தா தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க வச்சீங்க?"

"பக்கத்துக்கு நடுவுல."

"எந்தப் பக்கத்துக்கு?"

தேசிங்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். எழுதுகிறவர்கள் அனுப்புவதைப் புத்தகப் பக்கங்களாக ஆக்கித் தருவது அங்கே வேலை. தேசிங்குக்கு ஐம்பத்தைந்து வயது. அதில் முப்பது வருஷம் பக்கம் அமைத்தே கழிந்தது. ஜெஸிந்தாவுக்கு முப்பத்து மூன்று. சென்னையிலிருந்து வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது.

புது மென்பொருளை அவளிடம் கற்றுக்கொள்ளும்படி முதலாளி சொல்லியிருந்தார்.

அது தேசிங்கு கற்கும் ஆறாவது மென்பொருள். முந்தைய ஐந்தும் கை பழகுகிற நேரத்தில் போய்விட்டன. மூன்றாவது போனபோது கோபப்பட்டார். ஐந்தாவது போனபோது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது காலையில் படியேறும்போதே முட்டி வலித்தது.

முந்தைய ஐந்திலும் பக்கம் கண்ணெதிரே இருக்கும். தலைப்பைப் பிடித்து இழுத்து வேண்டிய இடத்தில் விடலாம். இதில் பக்கமே இல்லை. வெறும் எழுத்து. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று பெயர் கொடுக்க வேண்டும். பிறகு ஒரு பொத்தான். அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, கைபேசிக்கு ஒன்று என்று மூன்று வடிவங்கள் தானாக வந்து விழும்.

"பக்கத்தைக் காட்டும்மா. அடுக்கித் தர்றேன்" என்றார்.

ஜெஸிந்தா இணைய வடிவத்தைத் திறந்தாள். திரையில் அதன் ஜன்னல் ஓரத்தைச் சுட்டியால் பிடித்து உள்பக்கமாக இழுத்தாள். வரிகள் உடைந்து உடைந்து கீழே இறங்கின. வெளியே இழுத்தாள். வரிகள் மறுபடி நீண்டன.

உள்ளே. வெளியே. உள்ளே.

"போதும்மா, தலை சுத்துது. இதுல பக்கம் எங்க இருக்கு?"

"இன்னும் பிறக்கல, அண்ணே."

"எப்பப் பிறக்கும்?"

"யாராவது திறக்கும்போது."

அவள் டீ குடிக்கப் போய்விட்டாள்.

தேசிங்கு அங்கேயே உட்கார்ந்திருந்தார். இந்தப் பெண் ஒரு கேள்விக்காவது நேராகப் பதில் சொன்னால் என்ன என்று நினைத்தார்.

*

அந்த வாரம் ஒரு மருத்துவமனையிலிருந்து வேலை வந்தது.

சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறவர்களுக்கான கையேடு. என்ன சாப்பிடலாம், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று இருபது பக்கம். கடைசியில் ஒரு அட்டவணை. எந்த மாத்திரை, காலையில் எத்தனை, மதியம் எத்தனை, இரவில் எத்தனை. ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் மாத்திரைகளோடு தனிப் பிரதி. காகிதத்தில் ஒன்று, கைபேசியில் ஒன்று.

முதல் பிரதி குப்புராஜ் என்பவருக்கு. அவர் படித்துப் பார்த்த பிறகுதான் மற்ற நாற்பது பேருக்கும் போகும்.

அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் கொடுக்க வேண்டும். இது மாத்திரை, இது வேளை, இது எண்ணிக்கை. தேசிங்கு இரண்டு முறை முயன்றார். இரண்டு முறையும் எங்கோ ஒரு பெயர் விட்டுப்போய், மென்பொருள் சிவப்பாக எதையோ சொன்னது.

மூன்றாம் முறை அவர் முயலவில்லை.

மாத்திரையின் பெயரை அடித்தார். ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போனார். வேளைக்கு நேராக வந்ததும் எண்ணைப் போட்டார். அடுத்த வரி. மறுபடியும் ஸ்பேஸ் பார். மென்பொருளிடம் இதெல்லாம் ஒரே பத்தி என்று சொல்லிவிட்டார். அது நம்பிவிட்டது.

அச்சு எடுத்துப் பார்த்தார். எண்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நூல் பிடித்த மாதிரி நின்றன. அவர் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு தெளிவு.

ஜெஸிந்தா வந்து காகிதத்தைப் பார்த்தாள். பிறகு அவர் திரையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் தேசிங்கு.

"நீங்க சொல்லுங்க."

"கண்ணுல ஒத்திக்கலாம்."

"அப்போ நீங்களே கொண்டு போய்க் குடுங்க. அரியாங்குப்பம்தான். அவர் போன்லயும் ஏத்திக் குடுங்க." வாசல் வரை வந்தாள். "அவர் படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருங்க, அண்ணே. எழுந்திரிச்சுடாதீங்க."

*

குப்புராஜ் வீட்டில் தனியாக இருந்தார். மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தேசிங்கைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். இடது முழங்கை மடிப்பில், ஊசி போட்ட இடத்தில், பஞ்சு ஒட்டியிருந்தது.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம்ணே."

"குடிங்க. எனக்கு ஒரு நாளைக்கு மூணு டம்ளர்தான். அடுத்தவங்க குடிக்கிறதைப் பார்த்தா கொஞ்சம் அடங்கும்."

தேசிங்கு குடித்தார். குப்புராஜ் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காகிதத்தை நீட்டினார் தேசிங்கு. குப்புராஜ் அதைத் தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். மடித்து வைத்துவிட்டார்.

"எழுத்து பொடி. போன்ல காட்டுங்க."

போனில் ஏற்றிக் கொடுத்தார். எழுத்தைப் பெரிதாக்கத் தெரியும், பேத்தி சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்றார் குப்புராஜ். பெரிதாக்கினார். போதவில்லை. இன்னும் பெரிதாக்கினார்.

சாப்பாட்டுப் பக்கங்களை நிதானமாகப் படித்தார். கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்ற இடத்தில் தலையாட்டினார். அட்டவணைக்கு வந்தார். விரலை வைத்து, உரக்கப் படித்தார்.

"காலை மதியம் இரவு. சுண்ணாம்புச்சத்து மாத்திரை."

விரல் ஒரு வரி கீழே இறங்கியது.

"இரண்டு ரத்தக்கொதிப்பு மாத்திரை."

படிப்பதை நிறுத்தினார்.

"ரெண்டா?" என்றார். "ஒண்ணுதானே போட்டுக்கிட்டிருந்தேன்." சற்று யோசித்தார். "ஆங், டாக்டரம்மா போன வாரமே சொன்னாங்க, அளவு மாறும்னு. இதுதான் போல."

தேசிங்கு எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் போய்த் திரையைப் பார்த்தார்.

அவர் தட்டிய வெற்றிடங்களும் முறித்த வரிகளும் அச்சில் நின்றதுபோல் இங்கே நிற்கவில்லை. எத்தனை தட்டியிருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு இடைவெளிதான். பெரிய எழுத்துக்கு வரியில் இடம் போதவில்லை. சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கு உரிய இரண்டு கீழே விழுந்து, ரத்தக்கொதிப்பு மாத்திரையின் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

அதற்குள் குப்புராஜ் ஜன்னலிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்திருந்தார். காலை மாத்திரையை அன்று இன்னும் போடவில்லை. அட்டையிலிருந்து ஒன்றை உள்ளங்கையில் பிதுக்கினார். இன்னொன்றையும் பிதுக்கினார்.

தேசிங்கு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போடாதீங்கண்ணே."

"ஏன்?"

"அது தப்பு."

"போன்ல போட்டிருக்கே. படிச்சவங்க செஞ்சது தப்பா இருக்குமா?"

"தப்புண்ணே. ஒண்ணுதான். உங்களுக்கு ஒண்ணுதான்."

குப்புராஜ் கையிலிருந்த இரண்டு மாத்திரைகளையும் பார்த்தார். ஒன்றை டப்பாவில் போட்டார். தேசிங்கு அதற்குப் பிறகும் கையை விடவில்லை.

"இதை யாரு இப்படி அடுக்கினது?" என்றார் குப்புராஜ். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நான்தான்."

குப்புராஜ் அவர் நெற்றியைப் பார்த்தார். "இன்னொரு டம்ளர் தண்ணி குடிங்க. வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு" என்றார்.

கிளம்பும் முன் தேசிங்கு அந்தக் கைபேசிப் பிரதியை அழித்தார். காகிதத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் கொட்டை எழுத்தில், ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு வரியாக எழுதினார். குப்புராஜை மூன்று தடவை படிக்கச் சொன்னார். அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் பேசி, நர்ஸிடமும் ஒருமுறை வாசித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார்.

*

அலுவலகத்துக்குத் திரும்பியபோது ஜெஸிந்தா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் உட்கார்ந்தார். தட்டிய வெற்றிடங்களை அழித்தார். மொத்தமாகப் பிடித்து அழித்திருக்கலாம். ஒவ்வொன்றாக அழித்தார்.

பிறகு பெயர் கொடுக்கத் தொடங்கினார். இது மாத்திரை. இது வேளை. இது எண்ணிக்கை. மென்பொருள் சிவப்பாகச் சொன்னது. பார்த்தார். திருத்தினார். மறுபடியும் சொன்னது. மறுபடியும் திருத்தினார்.

மறுநாளும் அதையே செய்தார். அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் பொத்தானை அழுத்தினார். கைபேசி வடிவத்தைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கினார். குப்புராஜ் வைத்த அளவுக்கு. அதற்கும் மேலே. ஒரு திரைக்கு நாலே சொல் என்றாகும் வரை. ஒவ்வொரு மாத்திரையும் தன் வேளையையும் எண்ணையும் கூடவே அழைத்துக்கொண்டு கீழே இறங்கியது. ஒன்றின் எண் இன்னொன்றிடம் போகவில்லை.

அச்சு வடிவத்தில் அட்டவணை அடுத்த பக்கத்துக்குத் தாவியிருந்தது. முந்தைய பக்கத்தில் பாதி வெள்ளையாகக் கிடந்தது. முன்பென்றால் அவருக்கு அன்று சோறு இறங்கியிருக்காது.

பார்த்தார். அப்படியே விட்டார்.

அரியாங்குப்பத்துக்கு மறுபடி போனார். குப்புராஜ் படித்தார். எல்லாம் சரியாகப் படித்தார். முடித்த பிறகு காகிதத்தையும் எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல என்ன மாத்தினீங்க? போன தடவை இன்னும் அழகா இருந்துச்சே."

"ஆமாண்ணே" என்றார் தேசிங்கு.

*

நாற்பது பிரதிகளும் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு ஒரு மதியம், சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் கேட்டார்.

"நீ அன்னிக்கே பார்த்துட்ட, இல்ல?"

"பார்த்தேன்."

"வெறும் ஸ்பேஸுன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன்னா கேட்டிருப்பீங்களா?"

தேசிங்கு யோசித்தார். பொய் சொல்லவும் அலுப்பாக இருந்தது.

"மாட்டேன்."

ஜெஸிந்தா தயிரைச் சோற்றில் ஊற்றினாள்.

"அதுக்காக ஒரு நோயாளிகிட்டயா அனுப்புவாங்க?" அவர் குரல் உயர்ந்தது. "மாத்திரை கையில இருந்துச்சும்மா. நான் பார்த்தேன். நான் பிடிக்கலன்னா அவர் வாயில போட்டிருப்பார். என்ன மனுஷி நீ?"

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். பிசைந்த கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். அவர் தன் சாப்பாட்டு டப்பாவை மூடப் போனார்.

"நீங்க பக்கத்துல இருந்தீங்க, அண்ணே" என்றாள் ஜெஸிந்தா. "நாலு வருஷத்துக்கு முன்னால, சென்னையில, நானும் இதே மாதிரி ஒரு மாத்திரை அட்டவணை அடுக்கினேன். அது மெயில்ல நேரா போனுக்குப் போச்சு. கையைப் பிடிக்கப் பக்கத்துல யாரும் இல்ல."