வஜ்ரமா, பிரளயமா?

வேங்கைமாநகர் அரண்மனையில் எதற்கும் குறைவில்லை. கோட்டை இருந்தது, அகழி இருந்தது, முந்நூறு யானைகள் இருந்தன. அரசர் கண்டராயர் கேம் விளையாடுவதற்கென்று தர்பார் நடுவே ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. அது சூடாகிவிடாமல் இரண்டு பேர் இருபுறமும் நின்று சாமரம் வீசுவார்கள். கண்பட்டுவிடக் கூடாதென்று மேலே ஓர் எலுமிச்சம்பழம் தொங்கும்.

இவ்வளவு இருந்து என்ன? பக்கத்து நாட்டு நீலகேசரி மன்னரோடு வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் ஆன்லைன் துப்பாக்கிச் சண்டையில் நம் அரசர் பதினோரு வாரமாகத் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்தார்.

“கோளாறு என் குறியில் இல்லை. படம் காட்டுகிற இந்தப் பழைய கிராபிக்ஸ் கார்டில்தான்!” என்றார் அரசர்.

சபை முழுவதும் தலையாட்டியது. ஆட்டாத ஒரே ஒருவர் இப்போது யானைக் கொட்டடியில் லத்தி அள்ளுகிறார்.

சேதி பரவியதும் புதிய கார்டுகள் இரண்டு வந்து இறங்கின. பெரிய ராணியின் தம்பி வல்லபதேவன், ‘வஜ்ரம்’ என்ற கார்டைப் பல்லக்கில் வைத்துக் கொண்டுவந்தான். சின்ன ராணியின் அண்ணன் இரணசிங்கன் சும்மா இருப்பானா? ‘பிரளயம்’ என்ற கார்டை யானைமேல் ஏற்றி, குடை பிடித்துக் கொண்டுவந்தான்.

“நொடிக்கு இருநூறு படம் ஓடும், அத்தான்! எதிரி மூக்கில் இருக்கிற மரு தெரியும்!” என்றான் வல்லபதேவன்.

“பிரளயத்தில் அந்த மருவின் நிழலே தெரியும், மாப்பிள்ளை!” என்றான் இரணசிங்கன்.

இருவரும் கட்டிப் புரளாத குறை. அரசர் தலையைப் பிடித்துக்கொண்டு, சபையின் விகடகவி கச்சபேசன் பக்கம் திரும்பினார்.

“கச்சபேசரே! எது சிறந்தது என்று நாளை உச்சிவேளைக்குள் நீர் நிரூபிக்க வேண்டும். தவறினால் உம் தலை உம்மிடம் இருக்காது.”

கச்சபேசன் வீடு போய்ச் சேரும் முன்பே பெரிய ராணியின் தாதி ஒரு தட்டு அதிரசத்தோடு வாசலில் நின்றாள்.

“வஜ்ரம்னு சொல்லலைன்னா நாளைக்கு உங்க வாயில பல்லே இருக்காதாம். அதனால இன்னிக்கே சாப்பிட்டுக்கணுமாம். ராணியம்மா சொல்லச் சொன்னாங்க.”

அவள் போனதும் சின்ன ராணியின் தாதி வந்தாள். தட்டில் சீடை. சேதி அதேதான், கார்டின் பெயர் மட்டும் பிரளயம்.

வஜ்ரம் என்றாலும் ஆபத்து, பிரளயம் என்றாலும் ஆபத்து, வாயை மூடிக்கொண்டிருந்தால் தலையே போய்விடும். பயம் வந்தால் கச்சபேசனுக்குப் பசியும் வரும். அதிரசத்தையும் சீடையையும் ஒன்றுவிடாமல் தின்றுகொண்டே யோசித்தான். கடைசிச் சீடையைக் கடித்தபோது அவன் முகம் தெளிந்தது.

மறுநாள் தர்பாரில் இன்னொரு கம்ப்யூட்டரும் வைக்கப்பட்டது. கச்சபேசன் எழுந்தான்.

“மகாராஜா, தாங்கள் பழைய கார்டிலேயே ஆடுங்கள். இவர்கள் இருவரும் ஒருவர்பின் ஒருவராகப் புதிய கார்டில் தங்களோடு மோதட்டும். எந்தக் கார்டு ஜெயிக்கிறதோ அதுவே சிறந்தது. ஒரே ஒரு நிபந்தனை. அவரவர் கார்டில் அவரவர் ஆடினால், ஜெயித்தது கார்டா, பழக்கமா என்று சந்தேகம் வரும். ஆகையால் வல்லபதேவர் பிரளயத்தில் ஆடட்டும். இரணசிங்கர் வஜ்ரத்தில் ஆடட்டும்.”

மைத்துனர்கள் இருவருக்கும் உள்ளுக்குள் ஒரே குஷி. எதிராளியின் மானத்தை வாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

வல்லபதேவன் பிரளயத்தில் உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கியதும் அவனுடைய வீரன் நேராக ஒரு சுவரண்டை போய், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டான். அரசர் சுட்டார், தவறியது. ஏழு முறை சுட்டார், ஏழும் தவறின. கடைசியில் பொறுமையிழந்த வல்லபதேவன், குண்டு போகும் பக்கமாகத் தானே நகர்ந்து வந்து விழுந்தான்.

“சே! இந்தக் கார்டில் எல்லாம் ஒரே புகைமூட்டம்!” என்றான்.

அடுத்து இரணசிங்கன் வஜ்ரத்தில் உட்கார்ந்தான். அரசர் துப்பாக்கியைத் தூக்குமுன்பே அவனுடைய வீரன் கிணற்றில் குதித்துவிட்டான்.

“கிணறு இருப்பதையே காட்டவில்லை, மாப்பிள்ளை! கார்டா இது?”

பதினோரு வாரமாக வெற்றியையே பார்க்காத அரசருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கச்சபேசன் கையைத் தட்டினான்.

“சபையோரே! வஜ்ரத்தையும் வீழ்த்தியது, பிரளயத்தையும் வீழ்த்தியது மகாராஜாவின் பழைய கார்டு. மூன்றிலும் சிறந்தது அதுதான்!”

“அநியாயம்!” என்று துள்ளி எழுந்தான் வல்லபதேவன். “நான் வேண்டுமென்றேதான் தோற்றேன்!”

“அப்படியா? அப்படியானால் பிரளயம் நல்ல கார்டு என்கிறீர்களா?” என்று கேட்டான் கச்சபேசன்.

வல்லபதேவன் இரணசிங்கனைப் பார்த்தான், உட்கார்ந்தான். எழப்போன இரணசிங்கனும் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். உப்பரிகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ராணிகள் இருவரும் விசிறியால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

சபை கலைந்ததும் அரசர் கச்சபேசனைத் தனியே அழைத்தார். சந்தோஷம் போய் முகத்தில் கவலை வந்திருந்தது.

“கச்சபேசரே, இவர்களை ஜெயித்துவிட்டேன், சரி. நாளை வெள்ளிக்கிழமை. இந்தப் பழைய கார்டை வைத்துக்கொண்டு நீலகேசரியை ஜெயிக்க முடியுமா?”

“தாராளமாக முடியும், மகாராஜா. இன்றைக்கே இரண்டு புதுக் கார்டுகளையும் நீலகேசரி மன்னருக்குப் பரிசாக அனுப்பிவிடுங்கள். கூடவே மைத்துனர்கள் இருவரையும் அனுப்புங்கள். நாளை அவர் பக்கம் அவர்களே ஆடட்டும்.”

“ஐயையோ! அவர்கள் கெட்டிக்காரர்களாயிற்றே!”

“அதனால்தான் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்” என்றான் கச்சபேசன். “இன்றைக்குப் போலவே கார்டை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்புங்கள்.”

அரசர் ஒரு கணம் விழித்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் சாமரம் வீசுகிறவர்கள் இருவரும் பயந்து ஓடினார்கள்.