க்வாபெனாவிடம் சொல்லாதது

ததேயுஸுக்கு முப்பத்து மூன்று வயது. குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்து, பதினோரு வருடங்களாக வெளிநாடுகளில் கால்பந்து ஆடிப் பிழைப்பவன். தடுப்பாட்டக்காரன். மாலத்தீவு, வங்கதேசம், ஓமான், கம்போடியா என்று ஏழு அணிகளைப் பார்த்துவிட்டான். எட்டாவது, மலேசியாவில் பேராக் பக்கம் ஒரு சிறிய ஊரின் அணி. எந்த ஊரிலும் அவனை யாரும் குறை சொல்லி அனுப்பியதில்லை. ஒப்பந்தம் முடியும், இன்னொருவன் வருவான், இவன் கிளம்புவான்.

அங்கே தடுப்பாட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் புனிதவதி. அந்த ஊர்த் தமிழ்ப் பெண். அவனைவிட நான்கு வயது இளையவர். முதல் வாரம் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு, இத்தனை வருடம் ஆடியும் தனக்குப் பிடிபடாமல் இருந்ததையெல்லாம் அவரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டான். அவர் அதிகம் பேசமாட்டார்.

ஒப்பந்தம் முடிய ஆறு வாரம் இருக்கும்போது கானாவிலிருந்து க்வாபெனா வந்தான். வயது இருபத்து நான்கு. அவனும் தடுப்பாட்டக்காரன். அடுத்த ஆண்டு இருவரில் ஒருவருக்குத்தான் இடம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து ததேயுஸுக்குச் சோறு இறங்கவில்லை. பயிற்சியில் க்வாபெனா ஓடும்போதெல்லாம் அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊரிலிருந்து மனைவி ஜெசிந்தா கூப்பிட்டாள்.

"அடுத்த வருஷம் எங்க?"

"பாப்போம்."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீய."

ஒரு வியாழக்கிழமை புனிதவதி அவனை அழைத்தார்.

"சனிக்கிழமை மேட்ச்ல உங்களுக்குப் பதிலா க்வாபெனாவை இறக்கிப் பார்க்கப் போறேன். எதிர் டீம் ஃபார்வர்டை நீங்க கம்போடியாவுல எதிர்த்து ஆடியிருக்கீங்கதானே?"

"ஆமா கோச். ரெண்டு சீசன்."

"அவரைப் பத்தித் தெரிஞ்சதை க்வாபெனாவுக்குச் சொல்லிக் குடுங்க."

ததேயுஸ் சொல்லிக் கொடுத்தான். அந்த ஆளுக்கு இடது கால்தான் பலம் என்றான். தலையால் முட்டும்போது முழங்கையை விரிப்பான், ஜாக்கிரதை என்றான். க்வாபெனா ஒவ்வொன்றையும் செல்போனில் குறித்துக்கொண்டான்.

ஒன்றை மட்டும் ததேயுஸ் சொல்லவில்லை. முதுகைக் காட்டி நிற்கும்போது அந்த ஆள் பந்தை நிறுத்தமாட்டான். தன் கால்களுக்கு நடுவே விட்டுவிட்டுச் சட்டென்று திரும்பி ஓடிவிடுவான். அவனை ஒட்டி நிற்கக் கூடாது. ஓரடி தள்ளி நிற்க வேண்டும்.

"எல்லாம் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார் புனிதவதி.

"சொல்லிட்டேன் கோச்."

சனிக்கிழமை ததேயுஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். க்வாபெனா நன்றாக ஆடினான். அவன் ஒவ்வொரு முறை பந்தைப் பறிக்கும்போதும் ததேயுஸ் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். எழுபத்தெட்டாவது நிமிடம் அந்த ஆள் முதுகைக் காட்டி நின்றான். க்வாபெனா அவனை ஒட்டிப்போய் நின்றான். பந்து கால்களுக்கு நடுவே போனது. க்வாபெனா திரும்புவதற்குள் கோல் விழுந்துவிட்டது. அந்த ஒரே கோலில் தோற்றார்கள்.

ததேயுஸின் உடம்பு ஒரு நொடி லேசானது. அப்படி லேசானதை நினைத்து அவனுக்கே பயம் வந்தது.

உடை மாற்றும் அறையில் க்வாபெனா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து வந்து ததேயுஸின் கையைப் பிடித்தான். ஆங்கிலத்தில் பேசினான்.

"நீங்க சொன்னது அத்தனையும் சரியா இருந்தது. நான்தான் கெடுத்துட்டேன்."

அதன்பின் மூன்று நாள் ததேயுஸ் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. புனிதவதி அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவனை அரித்தது. புதன்கிழமை மாலை பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு, மைதானத்தில் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த அவரிடம் போனான்.

"கோச், க்வாபெனாவை அனுப்பிடுவாங்களா?"

"தெரியல."

"தப்பு அவன்மேல இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டேன். வேணும்னேதான் விட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"உங்க கம்போடியா மேட்ச் வீடியோவை ஞாயித்துக்கிழமை பார்த்தேன். அவர் முதுகைக் காட்டுறப்ப எல்லாம் நீங்க ஓரடி தள்ளித்தான் நிக்கிறீங்க."

"அப்ப ஏன் கோச் என்னை ஒண்ணும் கேக்கல?"

அவர் ஒரு பந்தைக் கீழே வைத்தார்.

"அங்க போய் நில்லுங்க."

போய் நின்றான். பந்தை உயரமாக அடித்தார். அவன் அண்ணாந்து பார்த்தபடி நகர்ந்து, குதித்துத் தலையால் முட்டினான். இன்னொன்று அடித்தார். அதையும் முட்டினான். மூன்றாவது பந்துக்கு அவன் குதித்தபோது கத்தினார்.

"பின்னால யாரு?"

முட்டிவிட்டுத் தரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தான்.

"யாரும் இல்ல கோச்."

"குதிக்கும்போது தெரிஞ்சுதா?"

"இல்ல. பந்தைத்தானே பாக்க முடியும்."

"சனிக்கிழமை நீங்களும் க்வாபெனாவும் சேர்ந்து இறங்குறீங்க. நீங்க மேல பார்க்கிறப்ப பின்னால ஆள் வந்தா அவர்தான் சொல்லணும்."

ததேயுஸ் காலடியில் கிடந்த பந்தை எடுத்து அவரிடம் கொடுத்தான்.

"அவன் சொல்லுவானா கோச்?"

புனிதவதி மீதிப் பந்துகளை வலைப்பையில் போட்டுப் பையின் வாயைச் சுருக்கிக் கட்டினார்.

"சொல்லுவார். உங்க அளவுக்கு அவருக்கு அனுபவம் இல்ல."