சந்தைப் பாதையில் முத்தரசி

ஆவுடையப்பன் மடத்தில் பாடம் கேட்க வரும்போதெல்லாம் முன்வரிசையில் உட்காருவார். அன்று வாசலிலேயே நின்றார்.

"பேய்ங்கிற சொல் எங்கேயிருந்து வந்தது, அம்மா?"

பாடம் சொல்லும் உலகம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"பழைய தமிழில் பேம்னா அச்சம். பேயும் அதுலேருந்து வந்ததாச் சொல்வாங்க. எதுக்குக் கேக்கிறீங்க, அண்ணாச்சி?"

அவர் மனைவி முத்தரசி எட்டு மாதக் கர்ப்பத்தோடு இறந்துபோனாள். உச்சிவேளையில் சந்தைப் பாதையில் அவள் நிற்பதாக ஊரில் பேச்சு. அந்த வழியே யாரும் போவதில்லை. வெள்ளிக்கிழமை பேயோட்டும் கோடாங்கி வந்து, புளியமரத்தில் ஆணி அடித்து அவளைக் கட்டப் போகிறார். ஆணியை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் புருஷன்.

"கொடுப்பீங்களா?"

"ஊரே பயப்படுதே."

"நீங்க?"

"எனக்கும் பயம்தான். ஒருதரம் பார்த்துட மாட்டோமான்னும் இருக்கு."

"முத்தரசி எதுக்குப் பயப்படுவா?"

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவளா? என்னையே விரட்டுவா." பிறகு சொன்னார்: "கடைசி மாசம் மட்டும் தண்ணிக் குடத்துக்குப் பயந்தா. வழியில மூச்சு வாங்கினா இறக்கி வைக்கணும். இறக்கினா, திரும்பத் தூக்கிவிட ஆள் வேணும்."

உலகம்மை எழுந்தார். "மடத்துக்குப் பின்னால மூணு கல் கிடக்கு. கடப்பாரையை எடுங்க."

பாதையோரம் இரண்டு கல்லை நட்டு, மார்பளவு உயரத்தில் மூன்றாவதைக் குறுக்கே வைத்தார்கள். கர்ப்பத்தோடு போனவளுக்குச் சுமைதாங்கி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம்தான். பயத்தில் ஊர் அதை மறந்திருந்தது.

இரண்டு நாள் யாரும் வரவில்லை. வியாழக்கிழமை உச்சியில் வெளியூர்க் கத்தரிக்காய்க்காரி ஒருத்தி வந்தாள். கூடையைக் கல்லின்மேல் தள்ளிவிட்டுக் கழுத்தைத் துடைத்தாள்.

"இங்கே பேய் நிக்குதாமே, பயமில்லையா?" என்றார் பாதையோரம் காத்து நின்ற ஆவுடையப்பன்.

"நின்னா நிக்கட்டும். ஆளைப் பாரு, வெயில்ல நின்னு பயங்காட்டிக்கிட்டு!" மூன்று மைல் நடந்தவள் அவள். கல்லைத் தடவிப் பார்த்தாள். "எந்த மகராசி பேர்ல வச்சாங்களோ, அவ வயிறு குளிரணும்."

கூடைக்கு அடியில் தலையைக் கொடுத்து, தானே தூக்கிக்கொண்டு போனாள்.

ஆவுடையப்பன் வெகுநேரம் மடத்துக்குத் திரும்பவில்லை. திரும்பியபோது முகத்தைக் கழுவியிருந்தார்.

"நாளைக்குக் கோடாங்கி வருவாரே அம்மா, அவர்கிட்ட என்ன சொல்ல?"

"அவரும் உடுக்கையும் ஆணியும் சுமந்துக்கிட்டுத்தானே வருவாரு, அண்ணாச்சி? கல்லுமேல இறக்கி வைக்கச் சொல்லுங்க."