பார்த்தாச்சு

"நான் எழுதறதை ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க, அம்மணி."

சபாபதி ரெஜிஸ்டரோட வந்து நின்னார். ரேஷன் கடையில எடை போட்டு ரிட்டயர் ஆன மனுஷன். ஸ்கூல் பஸ் ஷெட்டுல சர்வீஸ் ரெஜிஸ்டர் எழுத இப்பத்தான் சேர்ந்திருந்தார்.

தெய்வானை ஷெட்டுக்கு ஃபோர்மேன். அவரைவிட ரொம்பச் சின்னவ. அவகிட்ட வேலை கத்துக்கங்கன்னு அனுப்பியிருந்தாங்க.

ஏற்காடு போகப் பிள்ளைங்க பையோட நிக்குதுங்க. டிரைவர் சூசை ரெஜிஸ்டரைப் படிச்சுட்டு, வண்டியை எடுக்க மாட்டேன்னுட்டார். பஸ் கிளம்பலேன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாம்னு மேனேஜர் சபாபதிகிட்ட சொல்லிட்டார்.

தெய்வானை ரெஜிஸ்டரைப் பார்த்தா.

'பிரேக் பார்த்தாச்சு.'

எழுத்து முத்து முத்தாத்தான் இருந்துச்சு.

"அண்ணா, காலைல சாப்டீங்களா?"

"சாப்டாச்சுங்க."

"யாரு சாப்டது?"

"இதென்ன கேள்வி? நாந்தான்."

"சரி. பிரேக்?"

"பார்த்தாச்சுங்க."

"யாரு பார்த்தது?"

சபாபதி மெக்கானிக் கதிரேசனைக் காட்டினார். கதிரேசன், ராத்திரி ஷிப்டு மணியன் பார்த்திருப்பான்னான். மணியனுக்குப் போன் போட்டா, தூக்கக் கலக்கத்துல, அதான் கதிரேசன் பார்ப்பானேன்னான்.

ஆளுக்குப் பஞ்சமில்ல. பார்த்த ஆளைத்தான் காணோம்.

தெய்வானை டார்ச்சை எடுத்து சபாபதி கையில குடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டா.

சபாபதி டார்ச்சைப் பார்த்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

அப்புறம் கதிரேசனைக் கூட்டிகிட்டு பஸ்ஸுக்கு அடியில பூந்தார்.

பின் சக்கரத்துல பிரேக் லைனிங் தேஞ்சு போயிருந்துச்சு. அதை மாத்தி முடிக்கறதுக்குள்ள பிள்ளைங்க மத்தியானச் சோத்தைப் பாதி தின்னு தீர்த்துட்டாங்க.

சபாபதி கிரீஸ் கையோட பேனா பிடிச்சார். பழைய வரியை அடிச்சுட்டு எழுதினார்.

'பின் சக்கரத்து லைனிங் தேஞ்சிருந்துச்சு. கதிரேசன் மாத்தினான். கூடவே படுத்துக் கிடந்து நான் பார்த்தேன். சபாபதி.'

சூசை நின்னு நிதானமா அதைப் படிச்சார். சபாபதியோட அழுக்கான சட்டையையும் ஒரு தடவை பார்த்துகிட்டார். சாவியைக் கையில எடுத்துகிட்டு சபாபதிகிட்ட கேட்டார்.

"ஏற்காடெல்லாம் பார்த்தாச்சாண்ணா?"

"நான் பார்க்கலைங்க."

"அப்ப ஏறுங்க."