உயிர்ச்சான்று

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கூடலையூர் நாட்டை மகிபாலன் என்றொரு ராஜா ஆண்டான். நினைத்தால் நினைத்ததுதான். செத்தவன் பேரில் யாரோ ஓய்வூதியம் வாங்குவதாகக் காதில் விழ, அன்றைக்கே சட்டம் போட்டான்: "வாங்குகிறவர், தான் உயிரோடிருப்பதற்கு வருஷாவருஷம் இரண்டு சாட்சி கொண்டுவர வேண்டும்."

எல்லைக் குன்றின் உச்சியில் முப்பத்தைந்து வருஷம் தனியாகக் காவல்தீ மூட்டி, ஓய்வுபெற்ற பிறகும் அங்கேயே கிடக்கும் மாசிலாமணி சாட்சிக்கு எங்கே போவார்? ஆறு அமாவாசை இறங்கி வந்தார். ஆறு முறையும் பொக்கிஷ அதிகாரி பூதலிங்கம் கையை விரித்தார். கடைசியில் மாசிலாமணி சபைக்கே வந்துவிட்டார்.

"இந்தக் கிழவனை நான் பார்த்ததேயில்லை, மகாராஜா. சாட்சி இல்லையென்றால் செத்தவர் பட்டியல்தான்" என்றார் பூதலிங்கம்.

"உம்மைத் தெரிந்தவர் ஒருத்தர்கூடவா இல்லை, பெரியவரே?" என்றான் ராஜா.

மாசிலாமணி சபையைச் சுற்றிப் பார்த்தார். எந்த முகமும் அசையவில்லை.

"இல்லைங்க மகாராஜா. நான் செத்தே போனேன்னு வச்சுக்குங்க. சம்பளத்துல மாசாமாசம் பிடிச்ச சேமநிதியை என் நியமனதாரருக்குக் கொடுக்கச் சொல்லுங்க."

"அது யாரய்யா நியமனதாரர்?"

"எனக்குப் பின்னால பணம் இன்னாருக்குன்னு எழுதிக் கொடுப்போமே, அவர்தான். கூட்டு வட்டிங்க. வட்டியும் முதலோட சேர்ந்து, அதுக்கும் வட்டி ஏறியிருக்கும். முப்பத்தஞ்சு வருஷத்துக்குப் பெரிய தொகை."

"யார் அந்த அதிர்ஷ்டசாலி?"

"தாங்கள்தான்."

ராஜா துள்ளி எழுந்தான். "பூதலிங்கம், எடுத்து வாரும்!"

பூதலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. அந்தப் பணம் ஏற்கெனவே அவருடைய புது மாந்தோப்பாகியிருந்தது. "ஐயோ, இவர் உயிரோடுதான் இருக்கார் மகாராஜா! அமாவாசை தவறாமல் என்னிடம் வருவார். நல்லாத் தெரியும்!"

"பார்த்ததேயில்லை என்றீரே?" ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "முதல் சாட்சி நீர், இரண்டாவது நான். உம்முடைய புதுத் தோப்பின் கதையும் புரிந்தது. விற்று நிதியை நிரப்பும். இனி ஓய்வூதியத்தை மாதாமாதம் நீரே குன்றேறிக் கொடும்."

பிறகு கேட்டான்: "என் பேரை ஏன் எழுதினீர், பெரியவரே?"

"நியமனதாரர் பேர் எழுதற இடத்தைக் காலியா விடக்கூடாதுன்னாங்க. மேலேயிருந்து பார்த்தா எனக்குத் தெரியற விளக்கு உங்களுது ஒண்ணுதான்."

ராஜாவின் சிரிப்பு நின்றுபோனது.

முதல் மாதம் பூதலிங்கம் மூச்சிரைக்க ஏறி வந்தார். "சீக்கிரம் எண்ணிக்கொள்ளும் ஐயா, நான் இறங்கணும்."

"எண்ணிடுவோம், உட்காருங்க."

மாசிலாமணி நாற்பத்து மூன்று வரை எண்ணினார். வேண்டுமென்றே தவறவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.