ஜெராக்ஸ் கடையில் வாங்கிய பூஜ்யம்

சிரிப்புக்கு உத்தரவாதம் உண்டு. ஆனால் வந்த உடனே கிடைக்காது. வரிசையில் நிற்க வேண்டும், முனைவர் குற்றாலிங்கம் நின்ற மாதிரி.

"மூணு காப்பி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

இதுதான் அவர் கேட்டது.

"ஆகுற நேரம் ஆகும்" என்றாள் ஜெபராணி.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஜெபராணி. முப்பதைத் தொடாத வயது. பிள்ளைகள் யாரும் அவளைக் குரு என்று கூப்பிட்டதில்லை. ராணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் எந்தப் பேராசிரியர் எதைக் கேட்பார், எதற்கு மார்க்கைப் பிடுங்குவார் என்று தெரியவேண்டுமென்றால், நூலகத்துக்குப் போனவனும் கடைசியில் இங்கேதான் வந்து நின்றான்.

குற்றாலிங்கத்துக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். இன்டர்னல் மார்க் பட்டியல் மூன்று பிரதியாக நாலு மணிக்குள் தேர்வு அலுவலகத்துக்குப் போக வேண்டும். தாமதமானால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் யாருக்கும் விளக்கம் எழுதியதில்லை. எழுத வைத்துத்தான் பழக்கம்.

துறையின் மெஷின் ஆடி மாதமே படுத்துவிட்டது. அடுத்த கடை பஸ் ஸ்டாண்டில், மூன்று கிலோமீட்டர் தள்ளி.

மணி மூன்று இருபது.

பட்டியலை நீட்டினார். ராணி கையை நீட்டவில்லை.

"டோக்கன்?"

"என்ன டோக்கன்?"

வரிசையில் நின்ற மூன்று பேரும் ஆளுக்கொரு சீட்டைத் தூக்கிக் காட்டினார்கள். குற்றாலிங்கம் கடைச் சுவரைப் பார்த்தார். கரும்பலகை ஒன்று தொங்கியது. சாக்பீஸ் எழுத்து புதுசாக இருந்தது.

நகல்: ஓர் அறிமுகம்.
நகலின் வகைகள்.
நகலின் பயன்கள்.
விதிகள் பொருந்தும்.

அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ரொம்பப் பழகின நடையாகக்கூட இருந்தது.

"இதில் டோக்கன்னு போடலையேம்மா."

"விதிகள் பொருந்தும்னு போட்டிருக்குல்லா சார்."

சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையின் வாலில் நின்றார். முன்னால் ஒல்லியாக ஒரு பெண். கண் இமை சிவந்திருந்தது. அவரைப் பார்த்ததும், "வணக்கம் சார்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். எந்தத் துறைப் பிள்ளையோ.

இன்னும் சிரிக்கக் கூடாது.

மூன்று இருபத்தெட்டுக்கு அவர் முறை வந்தது. ஒல்லிப் பெண் வேலை முடிந்தும் போகாமல் ஓரத்தில் நின்றாள். ராணி பட்டியலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"கையெழுத்து நீல மையில இருக்கு. கறுப்பு மை வேணும்."

"மெஷினுக்கு நீலம் ஆகாதா?"

"மெஷினுக்கு எல்லாம் ஆகும் சார். கடைக்கு ஆகாது."

சட்டைப் பையில் இருந்தது நீலப் பேனா ஒன்றுதான். திரும்பிப் பார்த்தார். ஒல்லிப் பெண் தன் பேனாவை நீட்டினாள். கறுப்பு. வாங்கிப் பழைய கையெழுத்தின் மேலேயே அழுத்திப் போட்டார்.

"இந்தா."

"மார்ஜின் எங்க சார்?"

"பட்டியலுக்கு எதுக்கும்மா மார்ஜின்?"

"இடது பக்கம் ஒன்றரை இஞ்ச். எல்லாரும் விட்டுத்தான் கொண்டு வாராங்க." ராணி ஒரு ஸ்கேலை எடுத்து வைத்தாள். மரியாதையாகத்தான் வைத்தாள்.

இரண்டு கட்டுரைத் தொகுப்புகளின் ஆசிரியரும், பாடத்திட்டக் குழுவின் தலைவருமான முனைவர் குற்றாலிங்கம், ஜெராக்ஸ் கடை பெஞ்சில் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஏழு பக்கத்துக்கும் மார்ஜின் போட்டார். ஐந்தாம் பக்கத்தில் ஸ்கேல் வழுக்கியது. வரிசையில் ஒருவனுக்கு இருமல் வந்தது. இருமல்தான் அது, சிரிப்பு இல்லை.

மூன்று நாற்பத்தொன்று.

ராணி ஏழு பக்கத்தையும் புரட்டினாள். மார்ஜினைத் தடவிப் பார்த்தாள். திருப்தியாகத் தலையசைத்தாள். மெஷினின் மூடியைக்கூடத் திறந்துவிட்டாள்.

அப்புறம் மூடினாள்.

"இது டைப் பண்ணினதுல்லா சார்?"

"ஆமா. கம்ப்யூட்டர்ல."

"கையால எழுதினாத்தான் எடுக்க முடியும்."

"நாற்பத்திரண்டு பேர் பெயரும் கையாலயா?"

"டைப் பண்ணினா நீங்களே செஞ்சதுன்னு நான் எப்படி நம்புறது?"

டோக்கன் சீட்டை அவர் கையிலிருந்து வாங்கினாள். சிவப்புப் பேனாவால் நடுவில் பெரிசாக ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னது இது?"

"பூஜ்யம் சார். அடுத்த வருஷம் இதே நாள் வாங்க."

இருபத்திரண்டு வருட மேடைத் தமிழ் அவரை விட்டு ஒரு நொடியில் கழன்றது. உள்ளே இருந்த கடையநல்லூர்ப் பேச்சு வெளியே வந்தது.

"என்னம்மா அநியாயமா இருக்கு? டோக்கன்னு சொல்லல, கறுப்பு மைன்னு சொல்லல, மார்ஜின்னு சொல்லல. ஒண்ணு ஒண்ணா நான் செஞ்சு முடிச்ச பொறவு இப்ப வந்து டைப் பண்ணக் கூடாதுங்குற. வாசல்லயே எழுதிப் போட்டிருந்தா நான் அப்பிடியே கொண்டு வந்திருக்க மாட்டனா? சொல்லாத விதிக்கு மனுசன் எப்படிப் பொறுப்பாவான்? ஏழு பக்கம். ஒரு தப்பு இல்ல இதுல. உள்ள என்ன எழுதியிருக்குன்னு ஒரு வரி வாசிச்சுப் பாத்தியா நீ?"

அவர் கேட்ட கேள்வியை, அதே மூச்சிரைப்போடு, அன்றைக்கு மத்தியானம் அதே பெஞ்சில் உட்கார்ந்து இன்னொருத்தியும் கேட்டிருந்தாள். அது அவருக்குத் தெரியாது.

ராணி நிமிர்ந்து நின்றாள். இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். தொண்டையை இரண்டு தடவை கனைத்தாள். தாடையைத் தூக்கி, கூரைக்குப் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

"இது பள்ளிக்கூடம் அன்று. இங்கே எதையும் ஊட்டிவிட முடியாது. கேளாமல் அறிதல், தேடித் தெளிதல், அதுவன்றோ உயர்... கல்வி."

'உயர்' சொல்லி, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம் நிறுத்தி, அப்புறம் 'கல்வி'.

குற்றாலிங்கத்துக்கு யாரோ தெரிந்தவர் பேசுகிற மாதிரி இருந்தது. ரொம்ப நெருங்கின ஆள். யாரென்றுதான் பிடிபடவில்லை.

"எங்க கேட்ட இதை?"

"ஏழு வருசத்துக்கு முந்தின பேட்ச் சார் நான். மூணாவது பெஞ்ச். உங்க பேப்பரோட படிப்பு நின்னுபோச்சு. எனக்கு அப்ப மார்ஜின்."

அவர் சுவரைப் பார்த்தார்.

ஓர் அறிமுகம். வகைகள். பயன்கள். அவர் போட்ட பாடத்திட்டத்தின் நடை.

கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். தலைப்பில் பாடத்தின் பெயர்: நிர்வாகத்தில் வெளிப்படைத்தன்மை. அவரே வைத்த பெயர். கீழே பதினொரு பேருக்கு நேராகப் பூஜ்யம். குறிப்புக் கட்டத்தில் அவரே போட்டது: கட்டுரை தட்டச்சில் உள்ளது, ஏற்கப்படவில்லை. இன்டர்னலில் பூஜ்யம் வாங்கினவர் தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் போய்விடும்.

கையில் இன்னும் அந்தக் கறுப்புப் பேனா இருந்தது.

உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பேனா. தேர்வு ஹாலில் தொலையாமல் இருக்கப் பிள்ளைகள் செய்கிற மாதிரி, உள்ளே ஒரு சீட்டைச் சுருட்டி வைத்திருந்தது. பேனாவை உருட்டி வாசித்தார்.

வே. முப்புடாதி. முதலாம் ஆண்டு, பொது நிர்வாகம். கடைசியில் பதிவெண்.

பட்டியலில் அந்த எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. மேலிருந்து நாலாவது பூஜ்யம். அவளுடைய மையை வாங்கித்தான் அதன் அடியில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"முப்புடாதி யாரு?"

"நான்தான் சார்" என்றாள் ஒல்லிப் பெண். "ரெண்டாவது வரிசை. ஜூலையில இருந்து."

ராணி மேசைக்கு அடியிலிருந்து தாள்கட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். பதினொரு கட்டுரை. எல்லாம் இந்தக் கடையில் அச்செடுத்து, அவர் தள்ளியதும் இங்கேயே திரும்பி வந்தவை. மேலே இருந்தது முப்புடாதியுடையது. பதினாறு பக்கம்.

"வாசிக்கல சார் யாரும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு."

மணி மூன்று ஐம்பது. மெஷின் மூடி மறுபடியும் திறந்தது. "என்ன சார், காப்பி போட்டுரவா?" என்று கேட்டாள் ராணி. இப்போது உண்மையாகவே கேட்டாள். "டோக்கன் கீக்கன் ஒண்ணும் வேண்டாம். ஓடினா நாலுக்குள்ள போயிரலாம்."

குற்றாலிங்கம் பட்டியலை நாலாக மடித்துப் பையில் வைத்தார். பதினொரு கட்டுரையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரு வெள்ளைத்தாள் குடும்மா."

பெஞ்சில் உட்கார்ந்தார். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு, என்று ஆரம்பிக்கப் பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார். இருபத்திரண்டு வருடமாக எழுதாத கடிதம். அதை எப்படி எழுத வேண்டும், எங்கே தொடங்க வேண்டும், எதை ஏற்பார்கள், எதைத் தள்ளுவார்கள், யாரும் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை.

தலையைத் தூக்கி முப்புடாதியைப் பார்த்தார்.

"இதுக்கு என்னம்மா விதி?"

அவள் ராணியக்காவைப் பார்த்தாள். அப்புறம் ஸ்கேலை எடுத்து அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"முதல்ல மார்ஜின் போடுங்க சார்."