கதவைச் சாத்தியவர்

ரோமாபுரியைப் பகைவர் சூறையாடினபோது, பாப்பரசரின் சுவிஸ் காவலர்கள் பீடத்துப் படியிலேயே வெட்டுப்பட்டு விழுந்தார்கள். பாப்பரசர் தம் ஆலோசகர்களான கர்தினால்களோடு மதிலுக்குள் இருந்த ரகசிய வழியாகக் கோட்டைக்குத் தப்பினார்.

கலவரம் ஓய்ந்ததும், செத்தவர்களுக்கு ஒரு பூசை கேட்டுக் கர்தினால்கள் கூடியிருந்த சபைக்கு வந்தாள் வெரேனா. காவலர்களுக்குச் சமைத்துப் போட்டவள். அவள் புருஷனும் அந்தப் படியில்தான் கிடந்தான்.

பட்டு அங்கிக் கர்தினால் சிரித்தார். சிரிக்க வாய் வந்தது அந்த ஆளுக்கு!

"பயந்து ஓடிச் செத்த கூலிப்பட்டாளத்துக்குப் பூசையா? ஓடவில்லை என்று சொல்ல ஒரு சாட்சியைக் கூட்டி வா."

நின்றவர்களில் ஒருத்தனும் பிழைக்கவில்லை. அது தெரிந்துதான் கேட்டார்.

வெரேனா பல்லைக் கடித்தாள். "தப்பி ஓட அந்த ரகசிய வழி ஒன்றுதானே ஆண்டவரே? அதில் முதலில் ஓடினது நீங்கள்தானாமே?"

"எவன் சொன்னான்?" கர்தினால் எகிறினார். "நான்தான் கடைசி! எனக்குப் பின்னால் ஒரு ஈ காக்கை வரவில்லை. கதவைச் சாத்தியதே நான்தான்!"

சபை முழுக்கக் கேட்டது.

"சாட்சி கிடைத்துவிட்டது" என்றாள் வெரேனா. "பூசையை நீங்களே வையுங்கள் ஆண்டவரே. இந்தத் தடவையாவது கதவைத் திறந்து வையுங்கள்."